நிமிடத்துக்கு ஆறாயிரம் தோட்டா

ஆடித் தேரோட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, ராஜபாளையத்து லேத்துப் பட்டறைக்காரர் தனுஷ்கோடி மூன்று துப்பாக்கிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்தில் ஏறினார். மூன்றும் சுடாது. சுடாது என்பது அவருக்குத் தெரியும். சாக்கிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழாயின் மேல் கீரைக்கட்டைச் சாய்த்து வைத்திருந்த பக்கத்து இருக்கை அம்மாளுக்கும் தெரியும். அரசாங்கத்துக்கு மட்டும்தான் தெரியாது.

துப்பாக்கிகளைக் கேட்டவன் சுந்தரபாண்டியத்து விமல். சென்னையில் ஒரு படக் கம்பெனிக்குச் சாமான்கள் செய்து கொடுக்கும் வேலை. இருநூறு வருஷம் கழித்து விண்வெளியில் இரண்டு கப்பல்கள் சண்டை போடுகிற படம் எடுக்கிறார்கள். எந்த மாதிரித் துப்பாக்கி என்று இயக்குநர் முடிவுக்கு வரவில்லை. "மாமா, மூணு மாதிரியில ஒவ்வொண்ணு செய்யுங்க. எது எதவிட ஒசத்தின்னு ஒரு நோட்டுல எழுதிக் கொண்டாங்க. அவரு பாத்து ஒண்ண எடுத்துக்கிடுவாரு" என்று சொல்லியிருந்தான். காதுகுத்துக்கு ஊருக்கு வந்தவன், ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

முதலாவது துப்பாக்கிக்கு ஆறு குழல். எல்லாம் சேர்ந்து சுழலும். பழைய நூற்பாலை மோட்டாரின் உறைக்குள் ஆறு அலுமினியக் குழாய்களைச் செருகியிருந்தார். இரண்டாவதற்கு ஒரே குழல். பின்னால் தோட்டா நிற்கும் ஐந்து அறைகள் மட்டும் சுற்றும். அந்த ஐந்தும் தேய்ந்த பேரிங் கூடுகள். மூன்றாவதில் வெடிமருந்தே கிடையாது. மின்சாரமே குண்டைத் தள்ளிவிடும் என்பது கற்பனை. அதற்காக, எரிந்துபோன மோட்டாரின் செம்புக் கம்பியைக் குழாயில் சுற்றி வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தார்.

நோட்டை எழுதியது மகள் மாரிச்செல்வி. தனுஷ்கோடி ஐந்தாவதோடு நின்றவர். மாரிச்செல்வி காவலர் தேர்வுக்குப் படித்த பழக்கத்தில் எதையும் பச்சை மையில் தலைப்புப் போட்டுக் கேள்வியும் பதிலுமாகத்தான் எழுதுவாள். எழுத்துத் தேர்வு, ஓட்டம், நீளம் தாண்டுதல், மருத்துவச் சோதனை எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். மிச்சம் ஒன்றுதான். குடும்பத்தில் யார் பெயரிலும் வழக்கு இல்லை என்று காவல் நிலையத்திலிருந்து எழுதி அனுப்ப வேண்டும். அந்தக் கடிதம் பத்து நாளில் போய்ச் சேராவிட்டால் அவள் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

தேரோட்டப் பந்தோபஸ்துக்காகப் போட்டிருந்த சோதனைச் சாவடியில் பேருந்து நின்றது. உதவி ஆய்வாளர் சிவபாண்டி ஏறி, சாக்கை லத்தியால் தட்டினார்.

"என்னய்யா இது?"

"துப்பாக்கி சார்."

பொம்மை என்று சொல்லியிருந்தால் பேருந்து கிளம்பியிருக்கும். ஆனால் ஒரு மாதம் உட்கார்ந்து கடைந்த வேலையைப் பொம்மை என்று சொல்லத் தனுஷ்கோடிக்கு வாய் வரவில்லை. கீரைக்கட்டு அம்மாள், "நல்லாச் சொன்னீரு போம்" என்று கட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

காவல் நிலையத்தில் எழுத்தராக இருந்தவர் தலைமைக் காவலர் பிரிஸ்கில்லா. பறிமுதல் படிவத்தில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட்டதில்லை என்பது அவர் பெருமை.

"சுடுதிறன் நிமிஷத்துக்கு எம்புட்டு?"

"அது சுடாதும்மா."

"சுடாதுன்னு எழுத இதுல எடமில்ல. எண்ணு கேட்டிருக்கு. எண்ணு சொல்லுங்க."

"பூஜ்யம்னு போடுங்க."

"பூஜ்யம் போட்டா கட்டம் காலின்னு தணிக்கையில எழுதிருவாங்க. போன வருஷம் ஒரு அரிவாளுக்குப் பூஜ்யம் போட்டு மெமோ வாங்குனேன்."

தனுஷ்கோடிக்குத் தன் கவலையை மீறி ஆவல் வந்தது. "அரிவாளுக்கு என்னம்மா போட்டீக?"

"பொறவு பன்னெண்டுன்னு போட்டேன். சரின்னு விட்டுட்டாங்க."

பிரிஸ்கில்லா சாக்கிலிருந்த நோட்டைப் பிரித்தார். முதல் பக்கத்திலேயே பச்சை மையில், 'ஆறு குழல்: நிமிடத்துக்கு ஆறாயிரம் தோட்டா' என்று இருந்தது. பிரிஸ்கில்லா நிம்மதியாக அதைக் கட்டத்தில் ஏற்றினார். படிவத்தில் ஏறியதை அடிக்கக் கூடாது. அடித்தால் அடித்தவர் மேல் சந்தேகம் வரும். ஆகவே அன்று காலை பதினொன்று இருபதிலிருந்து அந்த அலுமினியக் குழாய்கள் நிமிடத்துக்கு ஆறாயிரம் முறை சுடத் தொடங்கின.

சிவபாண்டி நோட்டை வாங்கி நின்றபடியே படித்தார். "'குறி தவறிய குண்டு விண்வெளியில் நிற்காது. தடுக்க எதுவும் இல்லாததால் போய்க்கொண்டே இருக்கும்.' போய் யாரு மேலய்யா விழும்?"

"கதைக்கு எழுதுனது சார்."

"கதைக்கு எதுக்கு இம்புட்டுக் காரணம்? காரணம் இருந்தா அது கதையில்லியே. யாரு எழுதுனது?"

மேஜைக் கண்ணாடிக்குக் கீழே, வழக்கு விவரம் எழுதி அனுப்பக் காத்திருந்த ஒரு விண்ணப்பம் இருந்தது. அதில் ஒட்டியிருந்த புகைப்படத்தில் மாரிச்செல்வி எண்ணெய் வைத்துத் தலை வாரிக்கொண்டு, சிரிக்காமல் பார்த்தாள்.

"நாந்தான் சார்" என்றார் தனுஷ்கோடி.

"நீரா? எத்தனாப்பு?"

"அஞ்சாப்பு."

"ஒரு வரி எழுதிக் காட்டும்."

"வலது கையில அடி சார்."

"கட்டக் காணோமே?"

"கட்டு வீட்ல இருக்கு சார்."

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே பேனாவைக் கொடுத்திருப்பார்கள். ஆனால் சிவபாண்டிக்குச் சந்தேகத்தை உடனே தீர்த்துவிடும் பழக்கமில்லை. தீர்ந்துபோனால் மேலே அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. "கையெழுத்தில் சந்தேகம் உள்ளது; கையிலும் சந்தேகம் உள்ளது" என்று எழுதி மேலே அனுப்பினார். மாரிச்செல்வியின் விண்ணப்பத்தை எடுத்து, அதே கோப்புக்குள் வைத்து நாடாவால் கட்டினார். கூப்பிடும்போது வரச் சொல்லித் தனுஷ்கோடியை அனுப்பிவைத்தார்.

வீட்டில் மனைவி வெள்ளத்தாய் அவருடைய நல்ல கையில் முழங்கை வரைக்கும் பேண்டேஜ் துணியைச் சுற்றினாள். பேண்டேஜ் நெய்கிற பக்கம் என்பதால் துணிக்குப் பஞ்சமில்லை.

"துப்பாக்கின்னா சொன்னீக? தண்ணி மோட்டாருன்னு சொல்லப்படாதா? போற எடத்துல எல்லாம் அரிச்சந்திரன்."

"ஏட்டி, இறுக்காத. ரத்தம் நின்னுரும்."

"நின்னா நிக்கட்டும். அடிபட்ட மாதிரியாச்சும் இருக்கும்."

மாரிச்செல்வி சுவரோரம் நின்றாள். "யப்பா, நானே போயி நாந்தான் எழுதுனேன்னு சொல்லிட்டு வாரேன்."

"வாய மூடு தாயீ. உன் பேரு கோப்புல ஏறிட்டா எறங்காது. நீ எனக்குச் சொல்லிக் குடு. நான் சொல்லிக்கிடுதேன்."

மூன்று நாள் அவள் நோட்டில் எழுதியதை நினைவிலிருந்து சொன்னாள், அவர் கேட்டார். எழுத்து அவருக்குத் தலையில் ஏறவில்லை. ஆனால் சுழல்வது, தேய்வது, சூடாவது எதுவும் அவருக்குப் புதிதில்லை. முப்பது வருஷமாக லேத்து முன்னால் நின்றவர்.

இடையில் சிவபாண்டி பட்டறையைச் சோதனையிட்டார். நிமிடத்துக்கு ஆறாயிரம் என்றால் ஒரு நிமிடத்துக்காவது தோட்டா இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. நூல் சுற்றும் பிளாஸ்டிக் குழல்கள் முந்நூற்று எழுபத்தொன்று கிடைத்தன. "முந்நூத்தி எழுபத்தொண்ணு இங்க இருக்கு. மிச்சம் அஞ்சாயிரத்து அறுநூத்தி இருபத்தொம்பது எங்க?" என்று கேட்டார். தெரியாது என்றார் தனுஷ்கோடி. 'மீதியை மறைக்கிறார்' என்று சிவபாண்டி எழுதிக்கொண்டார்.

ஆறாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அரசுக் கட்டடத்தின் மாடியில் 'அதிவேகச் சுடுகருவிகள் ஒப்பீட்டு ஆய்வுக் குழு' கூடியது. ஒரே மாதிரி ஆயுதம் மூன்று பிடிபட்டால் வழக்கு. மூன்று மாதிரி பிடிபட்டால் ஒப்பீடு. ஒப்பீடு என்றால் குழு வேண்டும் என்று ஏதோ ஒரு சுற்றறிக்கை சொன்னதாம். சுற்றறிக்கையை யாரும் பார்த்ததில்லை. ஆனால் அதை மீறியவரையும் யாரும் பார்த்ததில்லை.

குழுத் தலைவர் முத்துராமலிங்கம் என்ற மூத்த அதிகாரி. உறுப்பினர் இருவர். ஒருவர் ஆயுதக் கிடங்குப் பொறுப்பாளர் வல்லரசு. இன்னொருவர் நில அளவையர் பாண்டிச்செல்வம். சண்டை நடக்கும் இடம் எந்த எல்லைக்குள் வருகிறது என்று பார்க்க அவரை அழைத்திருந்தார்கள். மூன்று துப்பாக்கிகளும் அட்டைச் சீட்டுக் கட்டப்பட்டு மேஜை மேல் கிடந்தன. குழல்கள் ஜன்னல் பக்கம் பார்க்கும்படி சிவபாண்டி திருப்பி வைத்திருந்தார். பாதுகாப்புக்காக ஜன்னலுக்குக் கீழே இருந்த தேநீர்க் கடையை அன்று அடைக்கச் சொல்லியிருந்தார்கள். அதனால் குழுவுக்குத் தேநீர் வரவில்லை. இதுவும் தனுஷ்கோடியின் கணக்கில் ஏறியது.

தலைவர் எழுந்து பேசினார்.

"சந்தேகம் என்பது அரசின் சொத்து. பொதுமக்கள் அதைத் தாங்களாகவே தீர்த்துக்கொள்ளக் கூடாது. என் முப்பத்திரண்டு வருட சேவையில் நான் ஒரு சந்தேகத்தையும் தீர்த்ததில்லை. வாங்கிய நிலையிலேயே, சிறு கீறலும் இல்லாமல், மேலதிகாரியிடம் ஒப்படைத்திருக்கிறேன்."

சிவபாண்டி கைதட்டினார். குறிப்பெடுக்க வந்திருந்த பிரிஸ்கில்லா, கைதட்டலுக்குக் கட்டம் இல்லாததால், ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

வல்லரசு ஆறு குழல் துப்பாக்கியை விரலால் தொட்டு எண்ணினார். "இதத்தான் மொதல்ல வைக்கணும். ஆறு குழல் இருக்கு. மத்ததுல ஒண்ணொண்ணுதான்."

"சுட்டுப் பாத்தீங்களா?" என்றார் தலைவர்.

"ஐயா, நான் துப்பாக்கிய எண்ணுறவன், சுடுறவன் இல்ல. இருபத்தொம்பது வருஷமா என் கிடங்குல எண்ணிக்க சரியா இருக்கு. அதுல எம்புட்டு சுடும்னு யாரும் கேட்டதில்ல. நானும் கேட்டதில்ல. கேட்டா எண்ணிக்க கொறஞ்சிரும்."

நில அளவையர் தன் வரைபடத்தை விரித்தார். "சம்பவ இடம் விண்வெளின்னு போட்டிருக்கு. அது எந்த ஊருக்கு மேல உள்ள விண்வெளி? ராஜபாளையமா, சோழபுரமா? கிராமக் கணக்குல தேடுனேன். மேல போற பக்கம் நாலெல்லை எழுதல. எங்க அளவைச் சங்கிலிய நிமித்திப் பிடிச்சும் பாத்தாச்சு. நிக்க மாட்டேங்குது."

"யாரும் ஆக்கிரமிச்சிருக்காங்களா?" என்றார் தலைவர்.

"மேகம் கொஞ்சம் இருந்திச்சு ஐயா. விசாரிக்கதுக்குள்ள கலஞ்சிருச்சு."

பிறகு தனுஷ்கோடியை அழைத்தார்கள். கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். தலைவர் நோட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இதோ பாரும். இதில் உள்ளது எனக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் உம்மை இப்போதே விட்டுவிடுவோம். பிறகு எழுதியது யார் என்று உம்முடைய வீட்டில் ஒவ்வொருவராக எழுதிக் காட்டச் சொல்வோம். தெரியும் என்றால், விளக்கும். விளக்கிவிட்டால் நீர் சாதாரண ஆள் இல்லை என்று ஆகிவிடும். இரண்டில் எது வேண்டும்?"

கீழே வாசலில் மாரிச்செல்வி அம்மாவோடு நிற்பது ஜன்னல் வழியே தெரிந்தது.

"விளக்குதேன் ஐயா."

"பேசும்."

"ஆறு குழலு நம்ம மில்லுல ஷிப்டு போடுற மாதிரி. ஒண்ணு வேல பாக்கும்போது அஞ்சு ஓய்வெடுக்கும். அதனால சூடு தாங்கும். ஆனா மோட்டாரு வேகம் பிடிக்கச் செத்த நேரம் ஆகும். அதுக்குள்ள எதிராளி முந்திக்கிடுவான். கனமும் சாஸ்தி. ரெண்டாவது ஒத்தக் குழலு, அற மட்டும் சுத்தும். லேசு. தொட்டதும் சுடும். ஆனா அம்புட்டுச் சூடும் அந்த ஒத்தக் குழலுக்குத்தான். ஒரே பொம்பள சமைச்சு, தொவச்சு, மாட்டையும் பாக்குற மாதிரி."

பிரிஸ்கில்லா தலை நிமிர்ந்து, "உண்மதான்" என்றார்.

"மூணாவதுக்கு மருந்து வேண்டாம். குண்டு பறக்கும். ஆனா கரண்டு எக்கச்சக்கமா இழுக்கும். ஒரு வேட்டு போட்டா கப்பல்ல வெளக்கு மங்கிரும். சுத்துன கம்பியும் சீக்கிரம் எரிஞ்சுபோகும்."

வல்லரசு பிடித்துக்கொண்டார். "யோவ், அங்க காத்தே கெடையாதுங்காங்க. மருந்து எப்பிடிப் பத்தும்?"

"பத்துறதுக்கு வேணுங்கிறது மருந்துக்குள்ளயே கலந்திருக்கு ஐயா. காத்து இல்லாததால சூடுதான் போக்கெடம் தெரியாம நிக்கும். எறக்கி வச்ச சட்டி இங்க காத்துல ஆறும். அங்க ரொம்ப நேரம் ஆறாது. பொறவு, சுட்டா கப்பல் கொஞ்சம் பின்னால போகும்."

"பின்னால் போகுமா?" தலைவர் பேனாவை எடுத்தார். "தப்பியோடும் எண்ணம்."

எழுதி முடித்துவிட்டு, "முடிவாக, எது சிறந்தது?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் தனுஷ்கோடி தன்னை மறந்துவிட்டார். ஆறு நாளில் முதல் தடவையாக ஒருவர் அவரிடம் தொழிலைப் பற்றிக் கேட்கிறார். கட்டுப் போட்ட கையை நீட்டி, விரல்களையெல்லாம் விரித்து, இரண்டாவது துப்பாக்கியின் அறைகளைச் சுற்றிக் காட்டினார். "சண்ட சட்டுன்னு முடியும்னா இதுதான் ஐயா. நீண்ட சண்டன்னா ஆறு குழலு. கரண்டுக்குப் பஞ்சமில்லாத பெரிய கப்பல்னா மூணாவது. எதுவும் எல்லாத்துக்கும் ஒசத்தி இல்ல."

அறைகள் டக் டக் என்று சுற்றி நின்றன. அந்தச் சத்தத்துக்கு வல்லரசு மேஜைக்குக் கீழே போய்விட்டு, கீழே விழுந்த பேனாவை எடுத்ததாகச் சொல்லிக்கொண்டு மேலே வந்தார். அடிபட்ட கை எப்படி விரல்களை விரித்தது என்று யாரும் கேட்கவில்லை. அது கோப்பில் ஏற்கெனவே அடிபட்ட கையாக இருந்தது.

மூன்று பேரும் கூடிப் பேசினார்கள். தலைவர் தீர்ப்பைச் சொன்னார்.

"இந்த நோட்டை எழுதியவர் இவரே என்பது நிரூபணமாகிவிட்டது. இவ்வளவும் தெரிந்தவர் ஆபத்தானவர். ஆனால் சம்பவ இடத்துக்குப் புல எண் இல்லாததால் வழக்குப் போட முடியாது. ஆகவே இவர் மேல் வழக்கு இல்லை. சந்தேகம் மட்டும் உண்டு. சந்தேகம் தீரும்வரை ஒரு காவலர் இவரைத் தினமும் கண்காணித்து எழுத வேண்டும்."

"எப்பம் ஐயா தீரும்?"

"அதை நாங்கள் தீர்ப்பதில்லை என்று ஆரம்பத்திலேயே சொன்னேன்."

தனுஷ்கோடி படியிறங்கி ஓடினார். வாசலில் நின்ற மகளிடம், "வழக்கு இல்லன்னு சொல்லிட்டாக தாயீ! வழக்கு இல்ல!" என்றார். வெள்ளத்தாய் அங்கேயே, எல்லோரும் பார்க்க, அவர் கைக்கட்டை அவிழ்க்கப் போனாள். மாரிச்செல்விதான் அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

எட்டாம் நாள் கடிதம் போனது. 'தந்தை மீது வழக்கு ஏதும் இல்லை' என்று அதில் இருந்தது. சந்தேகத்துக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. மாரிச்செல்வி பயிற்சிக்குப் போனாள். விமல் ஒருநாள் போனில் கூப்பிட்டு, இயக்குநர் மனம் மாறி வாள் சண்டைப் படம் எடுப்பதாகவும், மூன்று மாதிரி வாள் செய்ய முடியுமா என்றும் கேட்டான். தனுஷ்கோடி போனை வெள்ளத்தாயிடம் கொடுத்தார். அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

கண்காணிக்கப் போட்ட காவலர்கள் ஒருவர் பின் ஒருவராக மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்கள். லேத்துச் சத்தத்தில் காது வலிக்கிறது என்றார்கள். ஆள் பற்றாக்குறை. மாரிச்செல்வி பயிற்சி முடிந்து அதே நிலையத்துக்கு வந்தபோது, சிவபாண்டி அவளுடைய ஆணையைப் புரட்டிப் பார்த்து முகவரியில் விரலை வைத்தார்.

"சந்தேக நபரோட தெருவுலதான இருக்க?"

"அதே வீடு சார்."

"அதே வீடா? நல்லதாப் போச்சு. இருபத்தி நாலு மணி நேரமும் பாக்கலாம். எதையும் விடக் கூடாது. சொந்தம்னு பாத்து எதையாவது மறச்சன்னு தெரிஞ்சா, மொத வருஷத்துலயே வேல போயிரும். பாத்துக்க."

முதல் நாள் சாயங்காலம் அவள் சீருடையோடு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மடியில் கண்காணிப்புப் பதிவேடு. தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வெள்ளத்தாய் இரண்டு தடவை காபி கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு தடவையும் பதிவேட்டை எட்டிப் பார்த்தாள். மாரிச்செல்வி இரண்டு தடவையும் கையால் மறைத்தாள்.

"நானுமா பாக்கப்படாது?"

"விதி அப்படிம்மா."

தனுஷ்கோடி பட்டறையைப் பூட்டிவிட்டு வந்தார். வாசலில் நின்றார். இஸ்திரி மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை. தோளில் புது எண். பெல்ட்டைக் கொஞ்சம் இறுக்கமாகப் போட்டிருந்தாள். ஒரு துளை தள்ளிப் போட்டால் வசதியாக இருக்கும். அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியது.

"தாயீ" என்றார்.

அவள் நிமிர்ந்தாள். பேனா தயாராக இருந்தது.

அவர் பேனாவைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மாரிச்செல்வி கடிகாரத்தைப் பார்த்து எழுதினாள்: 'மாலை 6.40. சந்தேக நபர் எதையோ சொல்ல வந்து, மறைத்துவிட்டார்.'